ஆஃப்ரோபீட்ஸா, அமாபியானோவா?

ஆப்பிரிக்கப் பாட்டு கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

ஆஃப்ரோபீட்ஸ் நைஜீரியாவின் லாகோஸ், கானாவின் அக்ரா பக்கத்துச் சரக்கு. (பழைய நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலா குட்டியின் ‘ஆஃப்ரோபீட்’ வேறு, அந்த ‘ஸ்’ஸுக்குள் ஒரு தலைமுறை இடைவெளி இருக்கிறது.) சுமார் மூன்று நிமிடப் பாட்டு, பாடகர்தான் ராஜா. ஆங்கிலமும், பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலமும், யோருபா என்ற நைஜீரிய மொழியும் கலந்து வரும். பல்லவி உடனே வாயில் ஒட்டிக்கொள்ளும். 2021இல் நைஜீரியப் பாடகர் பர்னா பாய்க்கு கிராமி. 2023இல் அமெரிக்கப் பாடகி செலினா கோமஸோடு சேர்ந்து நைஜீரியாவின் ரெமா பாடியது அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

அமாபியானோ அவசரமே படாது. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் ‘பியானோக்கள்’ என்று பொருள். 2010களில் ஜொகன்னஸ்பர்க், பிரிட்டோரியா டவுன்ஷிப்களில் (கறுப்பின மக்களின் புறநகர்க் குடியிருப்புகளில்) வளர்ந்து, வாட்ஸப்பிலும் மினிபஸ் டாக்ஸிகளிலும் பரவியது. ஆறேழு நிமிடம் ஓடும். ஷேக்கர் என்ற குலுக்கு வாத்தியமும் பியானோவும் சும்மா நடந்துகொண்டே இருக்கும். நாம் பொறுமை இழக்கும் நேரத்தில் லாக் டிரம் ‘டுங்’கென்று அடிவயிற்றில் இறங்கும். பெயர்தான் டிரம், உண்மையில் அது கணினியில் செய்த பேஸ் ஒலி. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘ஒன்றுமே இல்லையே’ என்று சொல்லாதீர்கள்.

பஸ் பயணத்துக்கு ஆஃப்ரோபீட்ஸ். நல்ல ஸ்பீக்கரும் ராத்திரியும் கைவசம் இருந்தால் என் ஓட்டு அமாபியானோவுக்கு. அப்புறம், வேலி ரொம்ப உயரமில்லை: நைஜீரியர்களே இப்போது லாக் டிரம்மை எடுத்துப் போடுகிறார்கள். 2024இல் கிராமி ஆப்பிரிக்க இசைக்கென்று தொடங்கிய பிரிவின் முதல் விருதை வாங்கியது தென்னாப்பிரிக்கப் பாடகி டைலா.