ட்ரெய்லர் பார்க்: பாட்டின் மூச்சுக்குக் காத்திருக்கும் தாளம்

நாட்டார் மெட்டோடு மின்னணு இசையைச் சேர்ப்பது கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் யாருக்கும் புதிதன்று. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறும் ஜீப்புகளிலும், திருவிழாக்கால ஒலிபெருக்கிகளிலும் தெம்மாங்கும் கும்மி மெட்டும் கீபோர்டுத் தாளத்தின் மேல் ஏறித்தான் நம் காதுக்கு வருகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் தாளம் முதல் நொடியிலேயே முழு வேகத்தில் தொடங்கிவிடுகிறது. பாடுகிறவர் ஒரு சொல்லை நீட்டவோ இழுத்து நிறுத்தவோ இடமின்றி அதன் பின்னால் ஓடுகிறார். இங்கிலாந்துப் பாடகி பெத் ஆர்ட்டன் 1996இல் வெளியிட்ட ‘ட்ரெய்லர் பார்க்’ என்னும் ஆல்பத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அதில் தாளம் பாடுகிறவரின் மூச்சைக் கேட்டு நடக்கிறது. நம் ஊர்ப் பாட்டுகளைப் பதிவு செய்யும் இளைஞர்கள் இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

நார்ஃபோக் பகுதியில் 1970இல் பிறந்த ஆர்ட்டன், தம் பாட்டுகளைத் தாமே எழுதிப் பாடுபவர். இதற்கு முன்பே, மின்னணு இசைத் தயாரிப்பாளர் வில்லியம் ஆர்பிட்டுடன் சேர்ந்து அவர் பதிவு செய்த ஆல்பம் ஒன்று 1993இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. மின்னணு நடன இசை படைக்கும் கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் 1995ஆம் ஆண்டு ஆல்பத்திலும் அவர் ஒரு பாட்டுப் பாடினார். ஆகவே நடன அரங்குகளின் இசை அவருக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதன்று. அவர் பாடத் தொடங்கியதே அதன் நடுவில்தான். ‘ட்ரெய்லர் பார்க்’ ஹெவன்லி நிறுவனத்தின் வெளியீடு. விக்டர் வான் வுக்ட், ஆண்ட்ரூ வெதரால் ஆகிய இருவர் இதன் தயாரிப்பைப் பகிர்ந்துகொண்டனர். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்காகப் பிரிட்டனில் வழங்கப்படும் மெர்க்குரி பரிசின் 1997ஆம் ஆண்டு இறுதிப் பட்டியலிலும் இந்த ஆல்பம் இடம்பெற்றது.

முதல் பாட்டான ‘ஷி க்ரைஸ் யுவர் நேம்’ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதே பாட்டை ஆர்ட்டன் முன்பு ஆர்பிட்டுடன் மின்னணு வடிவில் பதிவு செய்திருந்தார். இங்கே அதை மறுபடியும் எடுத்து, அக்கூஸ்டிக் கிதாரையும், ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸையும் முன்னால் நிறுத்தி, நரம்பிசைக் கருவிகளைப் பின்னால் விரித்திருக்கிறார். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு பாட்டுக்கு எது உயிர், எது உடை என்பது தெளிவாகப் புரியும். மெட்டு மாறவில்லை, சொற்கள் மாறவில்லை. ஆனால் பழைய பதிவில் குரல் ஒலிகளுக்கு நடுவே மிதக்கிறது, புதிய பதிவில் கால் ஊன்றி நடக்கிறது. ஒரு மெட்டு இந்த இரண்டு விதமான நடத்துதலையும் தாங்கி நிற்கிறதென்றால், அது நன்றாக எழுதப்பட்ட மெட்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆல்பத்தின் இதயம் என்று நான் கருதுவது வெதரால் கையாண்ட மூன்று பாட்டுகளை: ‘டேன்ஜன்ட்’, ‘டச் மீ வித் யுவர் லவ்’, ‘கேலக்ஸி ஆஃப் எம்ப்டினெஸ்’. வெதரால் தொழில்முறை டிஜேவாக இருந்தவர். ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் ஆடவைக்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் இந்த மூன்றிலும் ஆட்டத்துக்கான வேகத்தை முற்றிலும் கைவிட்டிருக்கிறார். பேஸ் எனப்படும் தாழ்ந்த சுர ஒலி ஒரு சிறு சுழற்சியாகத் திரும்பத் திரும்ப வருகிறது, அதன் மேல் எதிரொலியோடு ஓரிரு ஒலிகள் வந்து மறைகின்றன, இடையில் வேண்டுமென்றே வெற்றிடம் விடப்படுகிறது. அந்த வெற்றிடத்தில்தான் ஆர்ட்டனின் குரல் நுழைகிறது. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட இளையராஜா, கிராமத்து மெட்டுகளில் சிந்தசைசரை இடம் பார்த்துச் சேர்த்ததைக் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு இந்த அடக்கத்தின் அருமை உடனே விளங்கும். கருவியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவரே அதை எங்கே ஒலிக்கவிடலாம் என்றும் அறிவார்.

நடுப்பகுதி அதே உயரத்தில் நிற்கவில்லை. ‘டோன்ட் நீட் அ ரீசன்’ இனிமையாக இருக்கிறது, அவ்வளவே. ‘ஹவ் ஃபார்’ எனக்கு மனத்தில் நிற்கவேயில்லை. ‘சம்ஒன்ஸ் டாட்டர்’ மட்டும் துள்ளலான பாப் மெட்டால் தனித்துத் தெரிகிறது. எளிதில் முணுமுணுக்கக்கூடிய பாட்டு அது. பதினொரு பாட்டுகளை ஒன்பதாகக் குறைத்திருந்தால் இந்த ஆல்பம் இன்னும் இறுக்கமாக அமைந்திருக்கும் என்பது என் துணிபு.

குரலைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். ஆர்ட்டனின் குரல் பயிற்சியால் மெருகேறிய குரலன்று. மேல் சுரங்களில் இலேசாகக் கரகரக்கும், சில சொற்களின் முடிவில் உடையும். அந்த உடைவைத் திருத்தாமல் விட்டதில்தான் தயாரிப்பாளர்களின் நல்லறிவு தெரிகிறது. நாற்று நடும்போதும் களையெடுக்கும்போதும் பாடும் பெண்களின் குரலில் இதே உடைவை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பாட்டுகள் ஸ்டுடியோவுக்குள் போனதும் முதலில் துடைக்கப்படுவதும் அதுதான். ‘ஐ விஷ் ஐ நெவர் சா தி சன்ஷைன்’ பாட்டு இந்தக் குரலின் வலிமைக்குச் சரியான சான்று. 1960களில் தி ரோனெட்ஸ் குழுவுக்காக ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த பாட்டு அது. எண்ணற்ற கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடர்த்தியான ஒலியை எழுப்புவது ஸ்பெக்டரின் முறை. ஆர்ட்டன் அந்த அடுக்கு முழுவதையும் இறக்கிவைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, கிதாரின் துணையோடு பாடுகிறார். இழப்பின் வருத்தம் இங்கே ஒவ்வொரு சொல்லிலும் தனித்தனியே கேட்கிறது. ஆங்கிலச் சொற்கள் முழுதும் விளங்காத ஒருவர்கூட இந்தப் பாட்டின் பொருளைத் தவறவிட மாட்டார்.

அடுத்து வரும் ‘கேலக்ஸி ஆஃப் எம்ப்டினெஸ்’ 10 நிமிடம் நீள்கிறது; ஆல்பம் அதோடு நிறைவடைகிறது. பொறுமை வேண்டும் பாட்டு அது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் ஒலி முழுவதும் காணாமல் போய், பாட்டு வெறுமையாகத் தோன்றும். ஆகவே நல்ல ஹெட்ஃபோனில் அல்லது வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் கேட்பதே முறை. புதிதாகக் கேட்பவர்கள் முதல் பாட்டையும் ‘சம்ஒன்ஸ் டாட்டர்’ பாட்டையும் கேட்டுவிட்டு, பிறகு ‘டேன்ஜன்ட்’ பாட்டுக்கு வரலாம். நாட்டார் பாட்டுக்குத் தாளம் அமைக்கும் தம்பி தங்கைகள் மட்டும் நேராக ‘டச் மீ வித் யுவர் லவ்’ பாட்டில் தொடங்கி, பேஸ் எத்தனை இடங்களில் பேசாமல் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.