இடிடரோட் ஆசிரியர் பயிற்சி: மார்ச்சா, கோடையா?

அலாஸ்காவின் இடிடரோட் நாய்வண்டிப் பந்தயத்தை வைத்து ஆசிரியர்களுக்குக் குளிர்கால மாநாடும் கோடை முகாமும் நடந்துவந்திருக்கின்றன. மாநாடு மார்ச் தொடக்கத்தில், ஆங்கரேஜில். சனிக்கிழமை அணிவகுப்பு, மறுநாள் வில்லோ என்ற ஊரில் நிஜப் புறப்பாடு. பனி குறைந்தால் இந்தப் புறப்பாட்டின் இடம் மாறும். 2003, 2015, 2017, 2025-இல் ஃபேர்பேங்க்ஸுக்குப் போனது. பயணச்சீட்டை மாற்றத்தக்கதாக எடுங்கள்.

மாநாட்டின் பலம், ஊர் திரும்பியதும் வகுப்பில் பந்தயத்தின் நேரடித் தரவு ஓடுவதுதான். சராசரி வேகக் கணக்கில் ஒரு பொறி உண்டு: 24 மணி நேரக் கட்டாய ஓய்வோடு, அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுவதால் வரும் இடைவெளியைச் சமன்செய்யும் நேரமும் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அளவில் சேரும். எல்லோருக்கும் 24 என்று கழித்தால் விடை தப்பும். இரண்டு 8 மணி நேர ஓய்வுகளையும் மறக்கக்கூடாது.

கோடையில் பந்தயம் கிடையாது, பனியும் கிடையாது. நாய்கள் சக்கர வண்டி இழுக்கும், அதுவும் வெயில் ஏறுமுன். ஆனால் விடுப்புத் தொல்லை இல்லை. நாய்க்கு 8 காலுறை என்ற விதி, தீவன அளவு என்று எதையும் நிதானமாகக் கேட்டுப் பாடமாக்கலாம். அறிவியல் ஆசிரியருக்கு எங்கள் ஓட்டு கோடைக்கே.