கப்பலேறும் நாள் சேவை: பெரியவர், கைக்குழந்தை, சக்கர நாற்காலி சகிதம்

சொகுசுக் கப்பல்களில் சக்கர நாற்காலி உதவிக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். முனைய வாசலில் ஏற்றி, பாதுகாப்புச் சோதனை, பதிவு மேசை எல்லாம் தாண்டி கப்பலுக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆனால் அந்த நாற்காலி அதோடு திரும்பிவிடும். பயணம் முழுக்கத் தேவையென்றால் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒன்று வேண்டும். சாதாரண அறைக் கதவுகள் குறுகல். நாற்காலியை நடைவழியில் நிறுத்தவும் விடமாட்டார்கள். அகலத்தை முதலிலேயே அளந்துவிடுங்கள்.

சொதப்புவது கப்பலேறும் நேர ஒதுக்கீடுதான். இரண்டு அறைக்கு இரண்டு முன்பதிவு எண் இருந்தால், தாத்தாவுக்கு 11 மணி, பேரனுக்கு 2 மணி என்று விழலாம். முன்பதிவுகளை இணைக்கச் சொல்லிவிட்டு, இணையப் பதிவு திறந்ததுமே ஒரே நேரத்தை எடுங்கள்.

சுமைதூக்குபவரிடம் கொடுத்த பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம்கூட ஆகலாம். மாத்திரை, இன்சுலின், பால் பவுடர், டயப்பர், பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில்தான். (பாஸ்போர்ட்டைப் பெட்டியோடு அனுப்பிவிட்டு வரிசையில் முழிப்பவர்கள் எல்லா முனையத்திலும் உண்டு.)

பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடல் கடக்கும் பயணமென்றால் 12 மாதம். கர்ப்பிணிகளுக்கு 24-வது வாரம் எல்லை, அதுவும் பயணம் முடியும் நாளை வைத்துக் கணக்கு.

புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். அவசரத்தில் லிஃப்டை நம்ப முடியாது; நடக்க முடியாதவரின் பெயர் உதவிப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள்.