சூப்பர்மார்க்கெட்டின் ‘சுகர் ரேக்’: எதை எடுக்கலாம், எதைத் திருப்பி வைக்கலாம்

பெரிய மளிகைக் கடைகளில் இப்போது சுகர்காரர்களுக்கென்றே தனி ரேக் வைக்கிறார்கள். சத்துமாவு, சுகர் ஃப்ரீ பிஸ்கட், லோ ஜி.ஐ. அரிசி (ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றுவது), மல்டிகிரெய்ன் ஆட்டா, கருப்பட்டி. பாக்கெட்டின் முகப்பில் பச்சை நிறமும் ஓர் இலைப் படமும் இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும். பிராண்ட் வாரியாகப் போகாமல் பொருள் வாரியாகவே இங்கே பார்க்கிறோம். எந்த பிராண்டை எடுத்தாலும் ஏமாறும் இடம் ஒன்றுதான்: முகப்பை மட்டும் படித்துவிட்டுக் கூடையில் போடுவது.

பாக்கெட்டைத் திருப்பினால் சத்து அட்டவணையில் ‘கார்போஹைட்ரேட்’ என்று ஒரு வரி இருக்கும். ‘சுகர்’ வரிக்கு முன்னால் அதைப் படியுங்கள். மாவுச்சத்து முழுக்கக் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது, நாக்குக்கு இனிப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஒப்பிட்டுப் பார்க்கச் சில அளவுகள்: 40 கிராம் இட்லி ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் மாவுச்சத்து, 30 கிராம் மாவில் சுட்ட சப்பாத்தியில் 20, ஒரு கப் சாதத்தில் (150 கிராம்) 40 சொச்சம். “ராத்திரி சோற்றை விட்டுட்டேன், சப்பாத்திதான்” என்பவர் தடியாக மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் மாவு மட்டும் 120 கிராம். அதில் மாவுச்சத்து 75 கிராமுக்கு மேல். ஒன்றே முக்கால் கப் சோறு சாப்பிட்டதற்குச் சமம்.

ரேக்கில் அதிகம் விற்பது சத்துமாவு. அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். உட்பொருள் பட்டியலை எடை அதிகமுள்ளதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். கேழ்வரகு, கம்பு என்று தொடங்கும் பட்டியலில் மூன்றாவதோ நான்காவதோ ஜவ்வரிசி அல்லது அரிசி வந்துவிட்டால் பாக்கெட்டை வைத்துவிடுங்கள். ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுத்த சுத்தமான மாவு. புரதம், நார் இரண்டுமே அதில் இல்லாத மாதிரிதான். கஞ்சி வழவழப்பாகக் கொழகொழவென்று வர அதைச் சேர்க்கிறார்கள். ‘மால்ட்’, ‘மால்டோடெக்ஸ்ட்ரின்’ என்ற சொற்கள் தென்பட்டாலும் வேண்டாம். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, ஆனால் ரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ் அளவுக்கே ஏற்றும்.

நல்ல சத்துமாவாகவே இருக்கட்டும். காய்ச்சும் விதத்தில் கெட்டுப்போகிறது. வறுத்து, மைய அரைத்து, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்ட மாவு வயிற்றுக்கு வேலையே வைக்காது. குடலுக்கு நேராகப் போய்ச் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும். கேழ்வரகில் நார் இருக்கிறதே என்றால், இருக்கிறது: 100 கிராமில் சுமார் 11 கிராம், பச்சரிசியில் 3 கிராம்கூடக் கிடையாது. ஆனால் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் குடிக்கும்போது அந்த நாரின் தடுப்பு வேலை பெரும்பாலும் போய்விடுகிறது. கணக்கும் போட்டுப் பாருங்கள். கோபுரமாக இரண்டு கரண்டி மாவு 40 கிராம், அதில் 28 கிராம் மாவுச்சத்து. 200 மில்லி பாலில் 10. “கருப்பட்டிதானே” என்று போட்ட சின்னக் கட்டியில் 9. மொத்தம் 47. நான்கரை இட்லிக்கும் மேல், சாம்பார்கூட இல்லாமல், ஐந்தே நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. இரண்டு மணி நேரத்தில் பசிக்கும். பலர் இதைக் குடித்துவிட்டுப் பிறகு டிபனும் சாப்பிடுகிறார்கள்.

சரியாகச் செய்வதென்றால்: தராசில் நிறுத்து 25 கிராம் மாவு. கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 200 மில்லி கொதிநீரில் ஊற்றி ஐந்து நிமிடம் கிண்டி இறக்குங்கள். ஆறியபின் அரை டம்ளர் நீர்மோர், உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம். இதோடு ஒரு கப் சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ. இதுவே டிபன், இதற்குமேல் தோசை கிடையாது. இதைவிட நல்லது, மாவு கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் முருங்கைக்கீரை நிறையப் போட்டு அடையாகத் தட்டுவது. மெல்ல வேண்டியிருக்கும், மெதுவாகத்தான் சாப்பிட முடியும். கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் பயறு, கொட்டை, சிறுதானியம் கலந்த இந்த மாவைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்பது அவசியம். பொட்டாசியமும் பாஸ்பரஸும் இதில் கணிசம்.

அடுத்து பிஸ்கட். 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போட்டுக்கொள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) விதி அனுமதிக்கிறது. மைதாவுக்கு அந்த விதியில் வரம்பு எதுவும் இல்லை. எனவே சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி (பட்டியலில் ஐ.என்.எஸ். 965 என்ற எண்ணில் இருக்கும்), மற்றபடி அதே மைதா, அதே பாமாயில். இப்படிப்பட்ட பிஸ்கட் பலவற்றில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 60 முதல் 70 கிராம் வரை இருக்கும். மால்டிடாலிலும் கலோரி உண்டு, சர்க்கரையில் பாதியளவு. அதுவும் ஓரளவு ரத்தத்தில் ஏறும். அளவு மீறினால் வயிறு உப்பி, பேதியாகும். பாக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டிருப்பது இதனால்தான். டீயோடு இரண்டு சாப்பிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. இங்கே கெடுப்பது பிஸ்கட்டைவிட ‘சுகர் ஃப்ரீதானே’ என்ற தைரியம். ஆறு, ஏழு என்று கை போய்க்கொண்டே இருக்கும். அதே காசுக்கு ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை மேல்.

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றும் சுகர் ரேக்கில் இருக்கவே கூடாதவை. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுவும் கூடுதல் என்பது உண்மை. அதற்காக மீட்டர் கருணை காட்டாது.

மல்டிகிரெய்ன் ஆட்டாவில் பெரும்பகுதி கோதுமைதான், சதவீதத்தைப் பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். மில்லில் முழுக் கோதுமை அரைத்து, கிலோவுக்கு 200 கிராம் கொண்டைக்கடலை சேர்த்துக்கொண்டால் போதும்.

லோ ஜி.ஐ. அரிசியை அப்படித் தள்ளிவிட முடியாது. இந்த ரேக்கில் உண்மையான சரக்கு உள்ள பொருள் அது. 50 கிராம் மாவுச்சத்து தரும் அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்த்து, குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவதுதான் ஜி.ஐ. எண். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். சாதாரண வெள்ளை அரிசி பெரும்பாலும் 70க்கு மேல்தான் நிற்கும். தெலங்கானா சோனா எனப்படும் ஆர்.என்.ஆர். 15048 ரகம் 50 சொச்சத்தில் இருக்கிறது. வாங்கும்போது வெறும் ‘லோ ஜி.ஐ.’ என்ற சொல்லோடு நிற்காமல், எண்ணும் ரகத்தின் பெயரும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் எண் குறைந்ததும் தட்டு நிறைந்துவிடுகிறது. ஜி.ஐ. 75 உள்ள அரிசியில் ஒரு கப் சோறு, 42 கிராம் மாவுச்சத்து: பெருக்கி நூறால் வகுத்தால் வரும் சர்க்கரைச் சுமை (கிளைசீமிக் லோடு) 31.5. ஜி.ஐ. 52 உள்ளதில் இரண்டு கப்: சுமை 44. அதிக விலை கொடுத்துச் சர்க்கரையை ஏற்றிக்கொண்ட கதை. குக்கரில் நாலைந்து விசில் விட்டுக் குழைத்தாலும் எண் ஏறும். அரை மணி ஊறவைத்து, பருக்கை தனித்தனியாக நிற்கும்போதே இறக்க வேண்டும். கஞ்சியை வடித்துவிட்டால் சோற்றில் சர்க்கரை இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். வடியும் நீரோடு கொஞ்சம் மாவு போவது மெய், மீதியெல்லாம் பருக்கைக்குள்ளேயே இருக்கிறது. முதலில் பொரியலும் கூட்டும், பிறகு அளந்த ஒரு கப் சோறு என்ற வரிசைதான் இதைவிடப் பலன் தரும்.

வாங்கிய பொருள் உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறதா என்பதைக் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம். சாப்பிடுமுன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. மாத்திரை, தொடுகறி, நடை எதையும் மாற்றாமல் பழைய அரிசிக்கு இரண்டு நாள், புதியதற்கு இரண்டு நாள். விரலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டே குத்துங்கள். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் விரலில் ஒட்டிய சாறே அளவைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டும். விரலைப் பிதுக்கவும் கூடாது. 100க்கு மேல் 15 சதவீதம் வரை மீட்டரே முன்பின் காட்டலாம் என்பதால் 168க்கும் 180க்கும் வித்தியாசம் தேடாதீர்கள். 220 என்றிருந்தது 170 ஆனால் அது மாற்றம். அப்படி இறங்கினாலும் மாத்திரையைத் தானாகக் குறைக்காமல் அந்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று பாதியாக்கினால் தாழ்சர்க்கரை வரும், டோஸை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

இந்த ரேக்கில் அவசியம் இருக்க வேண்டிய ஒன்று இருப்பதே இல்லை: குளுக்கோஸ் பொடி. கை நடுங்கி, வியர்த்து, மீட்டர் 70க்குக் கீழே காட்டும்போது சுகர் ஃப்ரீ எதுவும் உதவாது. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரும் சாக்லேட்டும்கூட உடனே வேலை செய்யாது, ஏனென்றால் சுக்ரோஸை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸே வேண்டும்: 15 கிராம், நிறைய அள்ளிய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. வாசனை கலந்த எனர்ஜி பொடிகளில் சாதாரணச் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள், எனவே உட்பொருளில் ‘டெக்ஸ்ட்ரோஸ்’ (குளுக்கோஸின் இன்னொரு பெயர்) மட்டும் உள்ளதாக எடுங்கள். மூடி சரியாக இல்லாவிட்டால் ஈரம் ஏறிக் கட்டிதட்டிவிடும். வாங்கிய அன்றே 15 கிராம் பொட்டலங்களாகக் கட்டி, ஒன்றைச் சட்டைப்பையிலும் ஒன்றைத் தலைமாட்டிலும் ஒன்றை வண்டிப் பெட்டியிலும் போட்டு வையுங்கள்.