சிங்கப்பூரிலிருந்து நியூவர்க், நடுவில் எங்கும் இறங்காமல்

போன தடவை அம்மாவை அமெரிக்காவுக்கு நடுவில் ஒரு ஊரில் மாறி ஏறுகிற விமானத்தில் கூட்டிப் போனேன். இறங்கிய இடத்தில் வீல்சேர் வரவே முக்கால் மணி நேரம், அப்புறம் அடுத்த கேட்டுக்கு ஓட்டம். எழுபது வயது முழங்கால் அதையெல்லாம் தாங்காது. காசு போனால் போகட்டும் என்று இந்த முறை நியூயார்க்குக்குப் பக்கத்திலிருக்கும் நியூவர்க்குக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம்.

இணையத்தில் தூரத்தைத் தட்டினால் 15,300 கி.மீ. சொச்சம் என்று வரும். அது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு. விமானம் அந்த நூலோடு போவதில்லை, மேலே அடிக்கிற காற்று முதுகில் தள்ளும் வழியாகப் பார்த்துப் போகும். 2018-ல் இந்தச் சேவையை மறுபடி தொடங்கியபோது நிறுவனமே சொன்ன கணக்கு சுமார் 16,700 கி.மீ., 18 மணி 45 நிமிடம் வரை. (மறுபடி என்றால், 2004 முதல் 2013 வரை நான்கு இன்ஜின் ஏர்பஸ் ஓடியது, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள்.) அதனால் தூரத்தை வேகத்தால் வகுத்துக்கொண்டு உட்காராதீர்கள், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்தான் நேரம்.

இப்போது ஓடுவது ஏர்பஸ் ஏ350-இன் நெடுந்தூர ரகம். மொத்தமே 161 இருக்கை, 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி. சாதாரண எக்கானமி கிடையவே கிடையாது, விலை உதைக்கும் இடம் அதுதான். ஃபிராங்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் போகும் விமானத்தில் எக்கானமி உண்டு, ஆனால் நாலைந்து மணி நேரம் கூடும். தனியாகப் போகிறவர்கள் பிரீமியம் எக்கானமியின் கடைசி வரிசைகளைப் பாருங்கள், அங்கே ஜன்னலோரம் பக்கத்து ஆளே இல்லாத ஒற்றை இருக்கைகள் ஆறு இருக்கின்றன. நாங்கள் இரண்டு பேர், அதனால் ஓரத்து ஜோடி இருக்கை. கால் நீட்ட இடம் தாராளம். ஆனாலும் சாய்கிற நாற்காலிதான், கட்டில் இல்லை. பத்தாவது மணி நேரத்துக்கு மேல் எப்படி உட்கார்ந்தாலும் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவை எழுப்பி நடக்க வைத்தேன், காலுறையும் போட்டுவிட்டேன். சைவச் சாப்பாட்டை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒரு வேடிக்கை. கிளம்பியது திங்கள் இரவு, அம்மா சோமவார விரதத்தை முடித்துவிட்டுத்தான் ஏறினார். பசிபிக் மேல் தேதிக்கோட்டை (கிழக்கே தாண்டினால் ஒரு நாள் பின்னால் போகும் கற்பனைக் கோடு) தாண்டியதும் வெளியே பளிச்சென்று வெயில், கீழே அந்த ஊர்க் கணக்கில் மறுபடி திங்கள்கிழமைப் பகல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லித் தொலைத்தேன். தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, "அப்போ இன்னிக்கும் விரதமாடா?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, "நான் ஏறினது சிங்கப்பூர்ல, அந்தக் கணக்குதான்" என்று அவரே தீர்ப்பு சொல்லிவிட்டு மூடியைத் திறந்தார்.