புகைப்படம் போதுமா, பாஞ்ச்கனி போகலாமா?

'குயீன்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் சிறுவயதைப் பற்றி இருபது நிமிட ஆவணப்படம் எடுக்க வேலூர் நண்பர்கள் நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். கையில் இருப்பது சொற்பப் பணம். வழி இரண்டு.

ஒன்று, சத்துவாச்சாரியில் நண்பனின் அறையிலேயே பழைய புகைப்படங்களையும் பின்னணிக் குரலையும் வைத்து முடிப்பது. செலவு குறைவுதான். ஆனால் அசையாத படங்களை இருபது நிமிடம் யார் பார்ப்பார்கள்?

இன்னொன்று, காட்பாடியில் ரயிலேறி, புனே போய், அங்கிருந்து மலையூரான பாஞ்ச்கனிக்குப் போவது. 1946இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் ஃபரோக் புல்சாராவாகப் பிறந்தவர், எட்டு வயதில் கடல் கடந்து வந்து தங்கிப் படித்த புனித பீட்டர் பள்ளி அங்கேதான் இருக்கிறது. சக மாணவர்களோடு 'தி ஹெக்டிக்ஸ்' குழுவில் பியானோ வாசித்ததும் அங்கேதான். வீட்டைப் பிரிந்த அந்தப் பையனின் தனிமையை மலைப்பாதையும் பனிமூட்டமுமே சொல்லிவிடும், வசனம் வேண்டாம். அப்புறம், குயீன் பாடல்களுக்கு உரிமை வாங்குவது எங்களுக்குக் கட்டாது. சிறுவயதோடு நிறுத்தினால் அவை தேவையும் இல்லை. பள்ளிக்குள் படம்பிடிக்க அனுமதி கிடைக்க வேண்டும், அதுதான் கவலை.

என் ஓட்டு பாஞ்ச்கனிக்கே. வாடகை கேமரா வேண்டாம், செல்போன் போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்கலாம்.