தூரத்தில் இருந்தபடி வீட்டைப் புதுப்பிக்க: தன்னார்வலர்களா, ஒப்பந்தக்காரரா?

நிவாரணப் பணிக்காக வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டை, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நண்பர்கள் சேர்ந்து சரிசெய்ய முன்வந்தால் மனம் நெகிழ்ந்துவிடும். கூலியும் மிச்சம். சுத்தம் செய்வது, சாமான்களை ஒதுக்குவது, புதுச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது, தோட்டத்தைச் சீராக்குவது எல்லாம் அவர்கள் கையில் நன்றாகவே நடக்கும்.

ஒப்பந்தக்காரருக்குச் செலவு அதிகம். ஆனால் வேலைக்கு அவர் பொறுப்பு. தேதி, தொகை, உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் இருக்கும். வயரிங், தண்ணீர்க் குழாய், கூரை, பாரம் தாங்கும் சுவர் ஆகியவற்றை அவரிடம்தான் விட வேண்டும் என்பேன்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் கிளம்பும் தூசி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். பழைய கூரைத் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்தால், உடைக்கும்போது பறக்கும் நார் நுரையீரலில் தங்கி, பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். அன்போடு உதவ வந்தவர்களை அந்தத் தூசியில் நிறுத்த எனக்கு மனம் வராது. முதலில் பரிசோதனை, அப்புறம்தான் சுத்தியல்.

காங்கிரீட் முழு வலிமை பெற 28 நாள் கணக்கு. வார இறுதியில் மட்டும் வரும் குழுவுக்கு ஈரம் காயாமல் நனைத்துக்கொண்டே இருப்பது கஷ்டம். எந்த வழியானாலும், முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒருவர் அங்கேயே இருக்கட்டும். நேர வித்தியாசத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நாள் போய்விடும்.